மறைந்ததா, மறைத்தார்களா?

நீண்ட பதிவு. மடிக்கணினியில் தொடங்கி, இலக்கணத்துக்குள் நுழைந்து, மீண்டும் மடிக்கணினிக்கே திரும்பும். களப்பணித் தரவுகளைச் சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதும் நண்பர்கள் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் துறையில் எனக்கு இளையவரான ஆய்வு மாணவி ஒருவர், அண்மையில் தம் மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தினார். விரும்பிச் செய்ததன்று, பழைய பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது, வேறு வழியில்லை. மறுநாள் பார்த்தால், மின்திட்டங்கள் இருந்த பக்கத்தில் 'சமநிலை' என்ற ஒன்று மட்டுமே நின்றது. 'உயர்செயல்திறன்', 'மின்சேமிப்பு' ஆகிய இரண்டையும் காணோம். ஒலிப்பதிவையும் அதன் எழுத்துப்பெயர்ப்பையும் ஒலியன் ஒலியனாகப் பொருத்தும் வேலையை அவர் இரவுதோறும் கணினியிடம் விட்டுவிட்டு உறங்குவார். அதற்காகவே உயர்செயல்திறன் திட்டத்தில் 'தூங்காதே' என்று அமைத்து வைத்திருந்தார். இப்போது கணினி நள்ளிரவில் தானும் உறங்கிவிட்டது.

அவர் தில்லியில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றார். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "காயப் ஹோ கயா" என்றார். காணாமல் போய்விட்டதாம். முழு வட்டையும் அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவினால் திரும்ப வந்துவிடுமாம். மாணவி கடை வாசலிலிருந்தே என்னை அழைத்தார்: "அக்கா, கொடுத்துவிடட்டுமா?"

அந்த வட்டில் இரண்டு பருவக் களப்பணியின் ஒலிப்பதிவுகள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதிக்கு வேறெங்கும் படி இல்லை. பேசியவர்களுள் மூவர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.

கொடுக்க வேண்டாம் என்றேன். கணினி விடுதிக்குத் திரும்பியது, எதுவும் அழியவில்லை. ஆனால் அன்று அழிந்திருக்கக் கூடியதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தின் பெரும்பகுதி கடைக்காரர்மீதானதன்று. அவரும் நாமும் சேர்ந்து நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறான வினைச்சொல்லின்மீதானது.

தமிழில் 'மறைந்தது' என்பது தன்வினை, 'மறைத்தது' என்பது பிறவினை. உடைந்தது, உடைத்தது, அழிந்தது, அழித்தது, சேர்ந்தது, சேர்த்தது. மெல்லினம் வல்லினமாக மாறும்போது வாக்கியத்துக்குள் ஓர் ஆள் வந்து நிற்கிறார். கு. பரமசிவம் இத்தகைய இணைகளை இயங்குவினை, இயக்குவினை என்று பெயரிட்டு விளக்கினார். கடைக்காரரின் இந்தியிலும் இதே வேறுபாடு உண்டு: 'காயப் ஹோ கயா' என்றால் தானாகப் போனது, 'காயப் கர் தியா' என்றால் யாரோ போக்கியது. தானாகப் போனது என்று கொண்டால், புதிதாக உண்டாக்குவதே தீர்வாகும். ஆகவே வட்டை அழி, மீண்டும் நிறுவு. யாரோ மறைத்தது என்று கொண்டால், மறைத்தவர் யார், எங்கே வைத்தார், எடுக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். வினைச்சொல் மாறினால் சிகிச்சை மாறுகிறது. முதற்சொல்லைத் தேர்ந்த கடைக்காரர், அந்தச் சொல்லுக்குரிய சிகிச்சையைத்தான் பரிந்துரைத்தார்.

அந்தச் சிகிச்சை பலித்தும் இருக்காது என்பது இதில் உள்ள கொடுமை. ஏனென்று சொல்கிறேன்.

கணினியின் தூக்கநிலைகளை வரையறுக்கும் ஏசிபிஐ என்ற பொதுத்தரம் 1996 டிசம்பரில் வெளியானது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது. அதில் எஸ்3 என்பது நாம் நெடுங்காலம் அறிந்திருந்த தூக்கம்: நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும், மற்றவை ஏறக்குறைய அணைந்துவிடும். 2012இல் விண்டோஸ் 8 உடன் வேறொரு தூக்கம் வந்தது. கைப்பேசியைப் போலத் திரை அணைந்த பிறகும் இணையத்தோடு தொடர்பிலேயே இருக்கும் அரைத்தூக்கம். விண்டோஸ் 10இல் அது விரிவாக்கப்பட்டு 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்ற பெயரைப் பெற்றது. ஏசிபிஐ கணக்கில் இது எஸ்0, அதாவது விழித்திருக்கும் நிலையின் ஒரு வகை. இந்த அரைத்தூக்கத்துக்கென வடிவமைக்கப்பட்ட கணினிகளில் சமநிலைத் திட்டமும், அதிலிருந்து கிளைத்த திட்டங்களும் மட்டுமே இடம்பெறும் என்பது வடிவமைப்பு விதி. ஆகவே அத்தகைய கணினியை எத்தனை முறை அழித்து நிறுவினாலும் பட்டியலில் சமநிலை மட்டுமே நிற்கும். மாணவியின் கணினி அத்தகையதே. ஒலிப்பதிவுகளைப் பலி கொடுத்து அவர் பெற்றிருக்கப் போவது அதே வெற்றுப் பட்டியலைத்தான்.

திட்டங்களின் கதை இது. திட்டத்துக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்புகளின் கதை இன்னும் வெளிப்படையானது. ப்ராசஸரின் குறைந்தபட்ச நிலை, அதிகபட்ச நிலை போன்ற பலவும் 'மேம்பட்ட அமைப்புகள்' சாளரத்திலிருந்து காணாமற்போவதைப் பலர் கண்டிருப்பீர்கள். விண்டோஸில் மின்திட்டங்களைக் கையாள ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் பவர்சிஎஃப்ஜி. ஓர் அமைப்பைப் பயனர் கண்ணில் படாமல் வைப்பதற்கு அக்கட்டளையில் ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறியின் பெயர் 'அட்ரிப் ஹைட்'. ஹைட்! மறை என்னும் பிறவினை. பயனர்கள் 'மறைந்துவிட்டது' என்று புலம்பிக்கொண்டிருக்கும்போது, இயந்திரம் தன் சொந்த மொழியில் 'மறைத்தேன்' என்று எழுதி வைத்திருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்க, நாம் காணாமற்போனோர் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதங்களுக்கு நியாயமாக இடமளிக்க வேண்டும்.

முதலாவது வாதம்: உயர்செயல்திறன் திட்டத்தால் இன்று பெரிய பயனில்லை. இதில் உண்மை உண்டு. இன்டெல் 2015இல் ஸ்கைலேக் ப்ராசஸர்களோடு கொண்டுவந்த ஸ்பீட் ஷிஃப்ட் போன்ற நுட்பங்களால், வேகத்தை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை ப்ராசஸரே நொடிக்குள் பலமுறை தீர்மானிக்கிறது. பழைய திட்டத்தை மீட்டுவிட்டால் கணினி பறக்கும் என்று நம்புவோர் ஏமாறுவர். பெரும்பாலும் விசிறியின் இரைச்சல்தான் கூடும்.

இரண்டாவது வாதம்: சாதாரணப் பயனருக்கு எளிமை வேண்டும், ஐம்பது அமைப்புகளைக் காட்டினால் அவர் குழம்புவார், தவறாக மாற்றிவிட்டுப் பேட்டரியைக் குறை சொல்வார். இதுவும் பொய்யன்று. எல்லாவற்றையும் முகப்பில் அடுக்கி வைப்பது நல்ல வடிவமைப்பாகாது.

ஆனால் இவ்விரண்டு வாதங்களும் வேறொரு கேள்விக்கான விடைகள். 'ஏன் மறைத்தீர்கள்?' என்பதற்கு அவை விடையாகலாம். என் கேள்வி: ஏன் சொல்லவில்லை? மேம்படுத்தல் முடிந்ததும் புதிய வண்ணங்களையும் புதிய வசதிகளையும் படம்போட்டு வரவேற்கும் திரையில், 'உங்கள் கணினியில் இருந்த இரண்டு மின்திட்டங்கள் இனிக் காட்டப்படா, காரணம் இது, அவற்றுள் நீங்கள் செய்திருந்த அமைப்புகளுக்கு மாற்று இங்கே' என்று மூன்று வரி எழுத இடமில்லையா? கொடுப்பதை அறிவிப்பவர் எடுப்பதையும் அறிவிக்க வேண்டும். வாடகை வீட்டின் உரிமையாளர்கூட ஓர் அறையைப் பூட்டும் முன் குடியிருப்பவரிடம் சொல்லுவார். இது நாம் விலைகொடுத்து வாங்கிய வீடு.

இங்கே செயப்பாட்டுவினையின் தந்திரத்தையும் கவனியுங்கள். 'நீக்கப்பட்டுள்ளது', 'எளிமையாக்கப்பட்டுள்ளது', 'பரிந்துரைக்கப்படுகிறது'. பிறவினையை ஒப்புக்கொண்டதுபோல் இருக்கும். ஆனால் எழுவாய் இராது. தமிழில் படு என்னும் துணைவினை இந்த வேலையை அலுவலகச் சுற்றறிக்கைகளில் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 'விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது' என்று படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உயர்த்தியவர் யார்? பரிந்துரைப்பவர் யார், யாருடைய நலனுக்காக? மின்திட்ட விஷயத்தில் எழுவாய் இருவர். இயங்குதளத்தை எழுதியவர் ஒருவர். எஸ்3 தூக்கத்தை ஃபர்ம்வேரிலேயே தராமல் அரைத்தூக்கத்தை மட்டும் தரும் கணினியைத் தயாரித்தவர் இன்னொருவர். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார். எழுவாய் இல்லாத வாக்கியம் இருவருக்கும் வசதி.

ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லுக்கு மின்சாரம், அதிகாரம் ஆகிய இரு பொருள்களும் உண்டு. தமிழில் அவை வெவ்வேறு சொற்கள். ஆதலால் 'பவர் பிளான்' என்பதை 'மின்திட்டம்' என்று பெயர்த்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். இங்கே நடந்தது அதிகாரத் திட்டத்தின் மாற்றம்.

இப்போது செய்ய வேண்டியவை. பதிவு கோபத்தோடு முடிந்தால் அந்த மாணவிக்குப் பயனில்லை.

முதலில், எதையும் மாற்றும் முன் தரவுகளுக்கு இரண்டாவது படி எடுங்கள். வேறொரு வட்டில், வேறொரு இடத்தில். இதைச் செய்யாதவர்கள் கீழே உள்ளவற்றைப் படிக்க வேண்டாம்.

இரண்டாவது, நோயை அறியுங்கள். கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையின் பின் ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தும் இட்டால், உங்கள் கணினி எந்தத் தூக்கநிலைகளை ஏற்கும் என்பது தெரியும். 'எஸ்0 லோ பவர் ஐடில்' கிடைக்கும் என்று வந்தால் உங்களுடையது அரைத்தூக்கக் கணினி. சாய்கோடும் 'எல்' எழுத்தும் இட்டால் இப்போது இருக்கும் திட்டங்களின் பட்டியல் வரும்.

மூன்றாவது, எஸ்3 உள்ள கணினியாக இருந்து திட்டங்கள் மட்டும் இல்லையென்றால், அதே கட்டளையின் 'டூப்ளிகேட் ஸ்கீம்' வசதியால் அவற்றை மீட்கலாம். ஒவ்வொரு மூலத் திட்டத்துக்கும் நிலையான நீண்ட அடையாள எண் உண்டு. அதை மைக்ரோசாஃப்டின் ஆவணத்திலிருந்து எடுங்கள், யாரோ எழுதிய குறிப்பிலிருந்து வேண்டாம். 'ரெஸ்டோர் டிஃபால்ட் ஸ்கீம்ஸ்' என்ற வசதியும் உண்டு. ஆனால் அது நீங்கள் உருவாக்கிய திட்டங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதற்குமுன் 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கணினித் தயாரிப்பாளர் தம் பெயரில் இணைத்திருந்த திட்டம் மேம்படுத்தலில் போயிருந்தால், அது மட்டும் உண்மையிலேயே 'மறைந்தது'. தயாரிப்பாளரின் மென்பொருளை மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, அரைத்தூக்கக் கணினியாக இருந்தால், பழைய பெயர்களைத் துரத்த வேண்டாம். கண்ட்ரோல் பேனலில் சமநிலையிலிருந்து உங்கள் பெயரில் ஒரு புதிய திட்டம் உருவாக்குங்கள். மறைக்கப்பட்ட நுண்ணமைப்புகளை 'அட்ரிப் ஹைட்' குறியை நீக்கி வெளிக்கொணரலாம். இரவு வேலைக்கு இதுவும் தேவையில்லை: மின்இணைப்பில் இருக்கும்போது 'ஒருபோதும் தூங்காதே' என்றும், மூடியை மூடினால் 'எதுவும் செய்யாதே' என்றும் அமைத்தாலே போதும். மாணவியின் சிக்கல் இப்படித்தான் தீர்ந்தது. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு மாற்றாகக் கடையில் வைக்கப்பட்டது இரண்டு பருவக் களப்பணி.

ஐந்தாவது, ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூச்சியமாக்கினால் பழைய தூக்கம் திரும்பும் என்று சொல்லும் காணொளிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றுள் பெரிதும் பகிரப்பட்ட ஒரு வழி 2020ஆம் ஆண்டு மேம்படுத்தலுக்குப் பின் செயலிழந்துவிட்டது. அதன் பின் வந்த மாற்றுவழியோ, ஃபர்ம்வேரில் எஸ்3 இல்லாத கணினியில் தூக்கமே இல்லாமல் செய்துவிடும். ஆய்வுத் தரவு இருக்கும் கணினி சோதனைக்கூடமன்று.

ஆறாவது, களத்துக்குப் போகிறவர்களுக்கு. அரைத்தூக்கத்தில் இருக்கும் கணினி பையினுள் விழித்துச் சூடாகிப் பேட்டரியை விழுங்கிவிடுவது பலரும் அறிந்த குறை. மின்சாரம் இல்லாத ஊரில் காலையில் திறந்தால் கணினி செத்துக் கிடக்கும். பயணத்துக்கு முன் 'ஹைபர்நேட்' செய்யுங்கள். நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முற்றிலும் அணைந்துவிடும். அதுவும் பல கணினிகளில் அணைப்புப் பட்டியலில் முன்னிருப்பாகக் காட்டப்படுவதில்லை. ஆம், அதையும் மறைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் ஒரு பெட்டியைக் குறியிட்டால் வெளிவரும்.

'இதற்குத்தான் லினக்ஸுக்கு வாருங்கள் என்கிறோம்' என்று சொல்லக் காத்திருக்கும் தோழர்களுக்கு: நானும் பயன்படுத்துகிறேன், அன்போடு. ஆனால் ஃபர்ம்வேர் எஸ்3 தராத கணினியில் லினக்ஸாலும் அதை வரவழைக்க முடியாது. அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒரு கோப்பைத் திறந்து நேராகப் படிக்கலாம் என்பது பெரிய வேறுபாடு, அதை மதிக்கிறேன். எனினும் நம் துறைகளில் பெரும்பாலோர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை. கடையில் கணினியோடு வருவதை ஏற்கிறார்கள். மதம் மாறினால்தான் மருந்து கிடைக்கும் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது.

இனி நம்மைப் பற்றி. மொழியியல், வரலாறு, இலக்கியம், சமூகவியல் எனும் நம் துறைகளில், 'அது டெக்னிக்கல் விஷயம்' என்று சொல்வதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. ஓலைச்சுவடியைத் தொடும் முன் அதன் பதத்தையும் எண்ணெயையும் பற்றிக் கற்றுக்கொள்கிறோம். ஒலிப்பதிவுக் கருவியின் மாதிரி வீதத்தை ஆய்வேட்டில் பதிவுசெய்கிறோம். அத்தனை தரவும் வந்து சேரும் மடிக்கணினி எப்போது உறங்கும், யார் சொல்லி உறங்கும் என்று மட்டும் நமக்குத் தெரியாது. ஆய்வுநெறி வகுப்பில் மேற்கோள் குறிப்பின் காற்புள்ளிக்கு ஒரு வாரம் ஒதுக்கும் பாடத்திட்டம், தரவுக் காப்புக்கும் கணினியின் அடிப்படை அமைப்புகளுக்கும் அரைநாள் ஒதுக்கக் கூடாதா? துறைக்குக் கணினி வாங்கும் குழு, நினைவகம் எத்தனை ஜிபி என்று கேட்பதோடு, எந்தத் தூக்கநிலைகளை ஏற்கும் என்றும் ஒரு வரி கேட்கக் கூடாதா?

மேம்படுத்தலை நிராகரிக்கச் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் பிறர் குரல்களை வைத்திருப்பது அவர்களுக்கு நாம் இழைக்கும் தீங்கு. மேம்படுத்துங்கள். ஆனால் அதை மழை பெய்வதுபோல, யாரும் செய்யாமல் நிகழும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

ஓப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தமிழில் சிலர் 'இயங்குதளம்' என்கிறோம், சிலர் 'இயக்குதளம்' என்கிறோம். கலைச்சொல் அரங்குகளில் இதை எழுத்துப்பிழைச் சண்டையாகவே கண்டிருக்கிறேன். நானும் இதுவரை முன்னதையே எழுதிவந்தேன். இப்பதிவிலும் பழக்கத்தால் அதுவே வந்திருக்கிறது. இனி ஆய்வேட்டில் இரண்டாவதைத்தான் எழுதப் போகிறேன். இயக்குபவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலாவது தெரியட்டும்.

மாணவியின் ஒலிப்பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. உங்களுடையவை?